பன்மொழி கற்ற முன்ஷி அப்துல்லாஹ்

மணலி புதுநகரில் மக்ரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றால் மூன்று நான்கு மொழிகள் காதில் விழும். மணலியின் ஆலைகளுக்கும், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் பிழைப்புத் தேடி வந்த பீகார், வங்காளச் சகோதரர்கள் நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள். நாம் ஸலாம் சொல்கிறோம். அவர்களும் பதில் ஸலாம் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச நமக்கும் தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரிவதில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதவர்கள், செருப்பை மாட்டியதும் ஊமைகளாகி விடுகிறோம்.

சில நாட்களுக்கு முன் இப்பகுதி இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். வேலைக்காக மலேசியா புறப்படவிருப்பவர். மலாய் மொழி கற்பதற்கான சிறு புத்தகம் ஒன்று அவர் கையில் இருந்தது. அதைக் கண்ட வீட்டுப் பெரியவர், குர்ஆனின் மொழியையே ஒழுங்காகக் கற்காதவனுக்கு ஊரான் மொழி எதற்கு என்று கடிந்து கொண்டாராம். பெரியவரின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. இளைஞரின் தேவையிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதரின் வரலாற்றை இவ்விதழில் தர விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒன்றை நினைவூட்டுவோம். மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையின் அர்ரூம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளைஞரான ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களை அழைத்து, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி பணித்தார்கள். கடிதப் போக்குவரத்தில் நம்பிக்கையான ஒருவர் வேண்டியிருந்தது. சுமார் அரை மாதத்தில் ஜைது (ரலி) அதைக் கற்றுத் தேறினார்கள். பின்னாளில் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் கட்டளைப்படி குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பும் இதே ஜைது (ரலி) அவர்களிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. பிறர் எழுத்தைக் கற்றது அவர்களின் ஈமானுக்குக் குறைவாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாகூரிலிருந்து மலாக்கா வரை

நாம் சொல்ல வந்தவர் முன்ஷி அப்துல்லாஹ் அவர்கள். முழுப்பெயர் அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த பெயர். மலாய் இலக்கியத்தில் புதுக்காலம் இவருடைய பேனாவிலிருந்தே தொடங்கியது என்று பலர் கூறுவர். ஆனால் அவருடைய குடும்பத்தின் வேர் நம் சோழ மண்டலக் கரையில் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

அவருடைய கொள்ளுப்பாட்டனார் யமன் தேசத்து அரபி. மார்க்கக் கல்வி புகட்டும் ஆசிரியராக நாகூர் வந்து சேர்ந்தார். அங்கேயே தமிழ்ப் பெண்மணி ஒருவரை மணந்து வாழ்ந்தார். அவருடைய பிள்ளைகள் கிழக்குத் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் தங்கி, சேகு மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். அந்த அம்மையாரின் பெயர் பெரியாச்சி. பெயரிலேயே தமிழ் மணக்கிறதல்லவா? இவர்களின் மகன் அப்துல் காதிர். அவருடைய மகனாக அப்துல்லாஹ் 1796ல் மலாக்காவின் கம்போங் பாலி என்னும் பகுதியில் பிறந்தார். டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் மலாக்காவைக் கைப்பற்றிச் சிறிது காலமே ஆகியிருந்தது.

அவருக்கு முன் பிறந்த அண்ணன்மார் எல்லாரும் சிறு வயதிலேயே மௌத்தாகி விட்டனர். எனவே இவரை ஒரு பூவைப் போல வைத்து வளர்த்தார்கள். நோய்வாய்ப்பட்ட குழந்தை, பல தாய்மாரின் பாலைக் குடித்து வளர்ந்தார். அரபி, தமிழ், மலாய் ஆகிய மூன்றும் அந்த வீட்டு முற்றத்திலேயே புழங்கின. ஆனால் வீட்டில் புழங்குவது வேறு, கற்றுத் தேர்வது வேறு. அந்த வேறுபாட்டை அப்துல்லாஹ் மிக இளமையிலேயே உணர்ந்தார்.

பாட்டியாரின் ஓதும் பள்ளி

பாட்டியார் பெரியாச்சி ஓர் ஆசிரியை. ஆண், பெண் பிள்ளைகள் சுமார் இருநூறு பேர் அவரிடம் ஓதினார்கள் என்று அப்துல்லாஹ் எழுதியிருக்கிறார். குர்ஆன் ஓதுதலும், அரபியும், அரபி எழுத்தில் எழுதப்படும் மலாயும் அங்கே கற்பிக்கப்பட்டன. நம் பாட்டிமார் அரபுத் தமிழில் எழுதிப் படித்தது போல, அவர்கள் மலாயை ஜாவி எழுத்தில் எழுதினார்கள். ஓதும் பள்ளிகளில் அக்காலத்துத் தண்டனைகளும் இருந்தன. பிரம்புத் துண்டுகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிக்கும் தண்டனை முதலியவற்றைப் பிற்காலத்தில் அவர் ஒன்று விடாமல் விவரித்திருக்கிறார்.

தந்தையார் அப்துல் காதிர் அதைவிடக் கண்டிப்பானவர். மகனை வாயாரப் புகழ்ந்ததே கிடையாது. யாராவது பையன் கெட்டிக்காரன் என்று சொன்னால், உடனே அவனுடைய எழுத்தில் ஒரு பிழையைக் காட்டுவார். அரபிச் சொற்களைக் கொடுத்து மலாயில் பொருள் எழுதச் சொல்வார். தவறினால் அடி விழும்.

ஒரு நாள் தந்தையார் வீட்டில் இல்லாத நேரம் கப்பல் தலைவரான நகுதா ஒருவர் வந்தார். அவருக்கு ஒரு கடன் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. தந்தையார் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று தவித்தார். சிறுவன் அப்துல்லாஹ் துணிந்து தாளை எடுத்துத் தானே எழுதிக் கொடுத்து விட்டார். தந்தையார் திரும்பி வந்தார், பத்திரத்தைப் பார்த்தார். அடி விழப் போகிறது என்று சிறுவன் நடுங்கிக் கொண்டிருந்தார். ஆனால் தந்தையார் முகத்தில் புன்னகை தோன்றியது. இத்தனை நாள் தமக்குப் பிள்ளையே இல்லாதது போலவும், அன்றுதான் மகன் பிறந்தது போலவும் அந்தக் கண்டிப்பான மனிதர் உள்ளம் நெகிழ்ந்தார். மகன் அதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

கணக்குக்குத் தமிழ்

அக்காலத்து மலாக்காவில் நம் நாட்டு வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். வாணிபம் அவர்கள் கையில் இருந்தது. ஆகவே வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்பின. கணக்கு எழுதவும், வியாபாரிகளோடு பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. அப்துல்லாஹ்வும் ஒரு தமிழாசிரியரிடம் அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டு ஆறு மாதம் தமிழ் படித்தார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் அவருடைய பாட்டியாரின் மொழி. ஆயினும் அதை அவர் பிற மொழியைப் போலவே ஆசிரியர் முன் அமர்ந்து கற்றார். காதில் விழுந்ததே போதும் என்று இருந்துவிடவில்லை. அந்தப் படிப்பு வீண் போகவும் இல்லை. 1835ல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தார். தமிழ் நண்பர் ஒருவர் அதற்குத் துணை நின்றார். சிறு வயதில் கணக்குக்காகப் படித்த மொழி நாற்பதாவது வயதை நெருங்கும்போது ஒரு நூலாகக் காய்த்தது.

சிப்பாய்கள் சூட்டிய பட்டம்

மலாக்காவில் ஆங்கிலக் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள் பலர். ஊரை விட்டு, உறவை விட்டு வந்த அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பதின்பருவத்தில் இருந்த அப்துல்லாஹ் அவர்களிடம் போனார். அவர் குர்ஆன் கற்பித்தார்; அவர்களிடமிருந்து ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆசிரியரே மாணவர், மாணவர்களே ஆசிரியர். இந்தக் கொடுக்கல் வாங்கல் சில ஆண்டுகள் நடந்தது.

அவர்களே அன்பு மேலிட்டு அவரை முன்ஷி என்று அழைத்தார்கள். மொழி கற்பிக்கும் ஆசிரியர், எழுத்தர் என்பது அதன் பொருள். எந்த அரசரும் கொடுக்காத, எந்தக் கல்லூரியும் வழங்காத அந்தப் பட்டம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை நிலைத்து விட்டது.

இதோடு நிற்கவில்லை. மலாக்கா வந்து சேர்ந்த அரபி உஸ்தாதுகளிடம் அரபியை மேலும் கற்றார். மலாய் மொழியின் நுட்பம் அறிந்த முதியவர்களைத் தேடிப் போனார். ஒரு சொல்லின் பொருள், ஒரு வழக்கின் இடம் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்டார். குர்ஆனையும் கிதாபுகளையும் கையால் படியெடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். படியெடுப்பது ஒரு பெரிய பள்ளிக்கூடம். கண் ஒரு முறை படிக்கும். கை மறுமுறை படிக்கும்.

ராஃபிள்ஸ் துரையின் எழுத்துக்கூடம்

1810ன் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் மலாக்கா வந்தார். மறு ஆண்டு நடக்கவிருந்த ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்வது அவர் வேலை. மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும், பழைய மலாய்ச் சுவடிகளைப் படியெடுக்கவும் எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் வயதில் மிக இளையவர் அப்துல்லாஹ். ராஃபிள்ஸ் மலாய் மொழி அறிந்தவர். அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் தம் மக்களின் மொழியை இவ்வளவு கருத்தோடு கற்றிருப்பது இளைஞரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அங்கே திரட்டப்பட்ட சுவடிகளின் கதி பரிதாபமானது. 1824 பிப்ரவரியில் பென்கூலனிலிருந்து ராஃபிள்ஸ் கப்பலேறிய சில மணி நேரத்தில் அந்தக் கப்பல் தீப்பற்றியது. மனிதர்கள் தப்பினார்கள், சுவடிகள் எரிந்து போயின. பல நூல்களுக்கு வேறு பிரதியே கிடையாது. செய்தி கேட்ட அப்துல்லாஹ் ஓர் உறவினர் மௌத்துக்கு வருந்துவது போல வருந்தினார். பழைய நூல்களை அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்று பின்னாளில் அவர் பாடுபட்டார். மலாய் அரச வரலாறான ஸெஜாரா மெலாயுவை அவர் பதிப்பித்து அச்சிட்டார்.

ஆங்கிலமும் ஊர்ப் பேச்சும்

1815ல் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் பாதிரியார் மலாக்கா வந்தார். அவருக்கும் அவருடன் பணியாற்றியவர்களுக்கும் மலாய் கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. அப்துல்லாஹ் கற்பித்தார், சிப்பாய்களிடம் செய்தது போலவே இங்கும் பதிலுக்கு ஒரு மொழி கற்றார். இம்முறை ஆங்கிலம்.

இங்கேதான் சோதனை வந்தது. பாதிரியாரிடம் போகிறான், ஆங்கில எழுத்தைப் படிக்கிறான், நாளைக்கு மார்க்கத்தையே விட்டு விடுவான் என்று ஊர் பேசியது. பெற்றோரும் முதலில் அஞ்சினார்கள். பிறகு நிலைமை அறிந்து இசைந்தார்கள். ஊர் வாயை யார் மூடுவது? அப்துல்லாஹ் பாதிரி என்று கேலிப் பெயரே வைத்து விட்டார்கள். தெருவில் நடக்கும்போது காதில் விழும்படியாகவே அழைப்பார்களாம்.

அவர் அதற்காகப் படிப்பை விடவில்லை, தொழுகையையும் விடவில்லை. இரண்டுமே அவருடைய பதிலாக இருந்தன. பல ஆண்டுகள் பாதிரிமாரோடு பழகினார், அவர்களிடம் சம்பளம் வாங்கினார், அவர்களிடமிருந்து அச்சுக் கலையையும் கற்றார். ஆனால் முஸ்லிமாகவே பிறந்தார், முஸ்லிமாகவே வாழ்ந்தார். முடிவு எப்படி அமைந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

சொல்லுக்குச் சொல்

தாம்சன் என்ற மற்றொரு பாதிரியார் இன்ஜீலை மலாயில் பெயர்ப்பதற்கு அப்துல்லாஹ்வின் உதவியை நாடினார். இது அவருக்குப் பெரும் சங்கடத்தைத் தந்தது. தாம்சன் மூலத்தில் உள்ளபடி சொல்லுக்குச் சொல் வைக்க வேண்டும் என்பார். மலாயில் அப்படிச் சொல்லும் வழக்கே இல்லை என்பார் அப்துல்லாஹ். அல்லாஹ்வின் குமாரன், அல்லாஹ்வின் வாய் என்பன போன்ற தொடர்களை அவர் மறுத்தார். முஸ்லிம் என்ற முறையில் அவர் காதுக்கு அவை ஒவ்வவில்லை. மலாய்க்காரர் காதுக்கும் அது மொழியாகத் தோன்றாது என்று எடுத்துச் சொன்னார். பாதிரியார் கேட்கவில்லை. நூல் வெளிவந்தபோது அதிலுள்ள பிழையான மலாய்க்குத் தம்மைப் பழிக்க வேண்டாம் என்று அப்துல்லாஹ் எழுதி வைத்தார்.

வேறு மதத்தின் வேதத்தைப் பெயர்க்க ஒரு முஸ்லிம் கூலிக்கு உதவலாமா என்று அக்காலத்திலும் கேட்டார்கள், இக்காலத்திலும் கேட்பார்கள். அக்கேள்வியை நாம் மறைக்கப் போவதில்லை. ஆங்கிலேயரை அவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடினார் என்ற குறையும் அவர்மீது உண்டு. அவர் நூலைப் படிப்பவர் அதை முற்றிலும் மறுக்க முடியாது. மனிதர்களில் குறையற்றவர் யார்? ஆனால் அந்தச் சச்சரவில் ஒரு பாடம் இருக்கிறது. பிற மொழியைப் பாதி கற்றவன் தன் மொழியின் வார்ப்பிலேயே அதையும் ஊற்றப் பார்ப்பான். முழுதும் கற்றவனே அந்த மொழிக்காரன் எப்படி நினைக்கிறான் என்பதை அறிவான். தாம்சனுக்குச் சொற்கள் தெரிந்திருந்தன. அப்துல்லாஹ்வுக்கு மொழி தெரிந்திருந்தது.

இன்னொரு வேதனையும் அவருக்கு இருந்தது. மலாய்க்காரர்கள் தம் சொந்த மொழியைக் கற்க ஒரு பள்ளிக்கூடமும் வைக்கவில்லையே, பிறக்கும்போதே தெரிந்த மொழியைக் கற்பானேன் என்று இருந்து விட்டார்களே என்று மீண்டும் மீண்டும் எழுதினார். அயல் மொழிகள் பலவற்றைக் கற்றதனால்தான் தம் நாட்டு மொழி கவனிப்பாரற்றுக் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. அயல் மொழி கற்றவன் தாய்மொழியை மறந்து விடுவான் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்தும் இறுதிப் பயணமும்

1819ல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் குடியேற்றம் அமைத்த பின் அப்துல்லாஹ் அங்கும் சென்று வந்தார். வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் கற்பித்தார், கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். 1838ல் கடிதங்களோடு கிளந்தானுக்குச் சென்று, அந்தப் பயணத்தையும் நூலாக்கினார். 1840ல் மனைவியை இழந்தார். அக்காலத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நார்த் என்பவர், சொந்த வாழ்க்கையை எழுதும்படி தூண்டினார். 1843ல் எழுதி முடிக்கப்பட்ட ஹிக்காயத் அப்துல்லாஹ் 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. நாம் மேலே சொன்ன செய்திகளில் பெரும்பாலானவை அந்நூலில் அவரே தம்மைப் பற்றி எழுதியவை. அரசர்களின் கதைகளே எழுதப்பட்டு வந்த மொழியில் ஒரு சாதாரண மனிதர் தாம் அடி வாங்கியதையும், தாம் படித்ததையும் எழுதினார். அதுவே புதுமை.

வயது ஐம்பத்தெட்டை நெருங்கியபோது, 1854ல், ஹஜ்ஜுக்கடமையை நிறைவேற்றக் கப்பலேறினார். அந்தப் பயணத்தையும் வழி நெடுக எழுதிக்கொண்டே போனார். ஜித்தாவைச் சேர்ந்ததும் எழுத்து நின்று விடுகிறது. அந்த ஆண்டே, ஹஜ்ஜுப் பயணத்திலேயே, ஹிஜாஸ் மண்ணில் அவர் ஆயுள் முடிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். யாரைப் பாதிரி என்று ஊர் பழித்ததோ, அவர் இறையில்லத்தை நாடிச் சென்ற பாதையில் அடங்கினார். அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷியும் தந்தையைப் போலவே எழுத்தாளராகி, ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார்.

நமக்குள்ள பாடம்

ஒரு காலத்தில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ரஜூலா, சிதம்பரம் ஆகிய கப்பல்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தன. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் அந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசாத வீடுகள் குறைவு. 1985ல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணமும் நின்றது. இன்று நம் பிள்ளைகள் விமானத்தில் போகிறார்கள். நாலு மணி நேரத்தில் இறங்குகிறார்கள். வழி சுருங்கிவிட்டது. ஆனால் மொழி கற்கும் வழி சுருங்கவில்லை. அது அன்றும் இன்றும் ஒன்றுதான்: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது, தெரிந்தவரிடம் கேட்பது, கேட்டதை எழுதிப் பார்ப்பது, தமக்குத் தெரிந்ததைப் பதிலுக்குக் கொடுப்பது.

மலேசியா புறப்படும் அந்தத் தம்பிக்கு நாம் சொன்னது இதுதான். புத்தகத்தைக் கீழே வைக்காதீர்கள். ஆனால் குர்ஆனையும் அதனுடன் எடுத்துச் செல்லுங்கள். முன்ஷி அப்துல்லாஹ் குர்ஆனைக் கொடுத்தே ஹிந்துஸ்தானியை வாங்கினார். பெரியவரிடமும் ஒன்று சொன்னோம். பிள்ளையின் கையிலிருக்கும் மலாய்ப் புத்தகத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவன் கையில் ஓதுவதற்குக் குர்ஆன் இல்லாமல் போனால் அதற்காக அஞ்சுங்கள். பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையனிடம், மலாயில் உடல் நலமா என்று எப்படிக் கேட்பார்கள் என்று கேட்டார். பையன் புத்தகத்தைப் புரட்டாமலே அப்பா கபார் என்றான். கபார் என்பது நம் கபர் தானே, செய்தி என்ற அரபிச் சொல்தானே என்று பெரியவர் முகம் மலர்ந்தார். அரபி படித்த அவருக்கு மலாயின் கதவு பாதி திறந்தே இருந்தது, அவர்தான் அறியாதிருந்தார்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் நாமும் ஒரு வேலை செய்தோம். நம் ஸஃப்பில் நாள்தோறும் நிற்கும் பீகார் சகோதரர் ஒருவரிடம் சென்று, அவர் பெயரையும் ஊரையும் சைகையும் அரைகுறைச் சொற்களுமாகக் கேட்டோம். அவர் சொன்னார். தமிழில் பெயர் கேட்பது எப்படி என்று அவரும் கேட்டார். இருவரும் தவறாகவே உச்சரித்தோம், இருவரும் சிரித்தோம். வாசக சகோதரர்களே, உங்கள் பள்ளிவாசலிலும் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஸலாமுக்கு அடுத்த வார்த்தையை இன்று கேட்டு வையுங்கள்.

பயனுள்ள கல்வியை நம் அனைவருக்கும் தந்து, அதைக் கொண்டு ஒருவரையொருவர் அறிந்து வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.